பூசணிக்காய் ஏலமும் தார்பாய்க் கூரையும்

கிருஷ்ணகிரியிலிருந்து:

நல்லது செய்ய ஆசைப்படுவது வேறு, செய்து முடிப்பது வேறு என்று எனக்குப் புரிந்த கதை இது. இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்கிற பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம். ராகி, வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி, வீட்டில் சுட்ட கேக் என்று படைத்ததெல்லாம் மேசைக்கு வரும். அங்கே யாரும் பொருளுக்காகக் கேட்பதில்லை, காணிக்கைக்காகக் கேட்பார்கள். ஒற்றைத் தேங்காய் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பணத்தை அன்றைக்கே கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. நோட்டில் பேர் எழுதிக்கொள்வார்கள், பிறகு கட்டலாம்.

அந்த வருடம் ஏலப் பணத்தில் ஒரு பங்கு, சபையில் இருக்கிற ஒரு அக்காவின் வீட்டுக்கு என்று ஆயர் அறிவித்தார். அக்காவுக்குக் கணவர் இல்லை. மாங்கூழ் கம்பெனியில் வேலை. மாங்காய் சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். வீட்டு ஓடு பாதி சரிந்துவிட்டது, ஷீட் போட வேண்டும். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து ஒரு பூசணிக்காய் வந்தது. 4,500 ரூபாய்க்குக் கேட்டேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எல்லாரும் கை தட்டினார்கள். காயை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பணம் கட்டவில்லை. வண்டி டியூ வந்தது, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் வந்தது. பொருளாளர் அண்ணன் ரெண்டு தடவை கேட்டார். "அடுத்த வாரம் கண்டிப்பா தந்துடறேன் அண்ணா" என்றேன். ரெண்டு தடவையும் மனதாரத்தான் சொன்னேன். ராத்திரி ஜெபத்தில் அந்த அக்கா பேரைச் சொல்லாத நாள் கிடையாது. அதனாலேயே எனக்கு உறுத்தவில்லை. கொடுத்தவனுக்கு வர வேண்டிய நிம்மதி எனக்குக் கொடுக்காமலே வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்தும் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போனோம், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுவது. ராத்திரி பதினொரு மணி இருக்கும், அந்த அக்கா வீடு. உள்ளே பாதிப் பேர், வெளியே பாதிப் பேர். நான் டிரம் வாசிக்கிறவன், உள்ளே நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் நீலத் தார்பாய். நடுவில் தண்ணீர் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு அலுமினியக் குண்டான். பக்கத்தில் கயிறு கட்டி, அதில் பாப்பாவின் பாட நோட்டுகளைப் பிரித்துக் காயப் போட்டிருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் முறுக்கு கொடுத்து, கேரல் கவரில் நூறு ரூபாய் போட்டு என் கையில்தான் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கடன் வாங்கிக் கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் பைபிளில் பவுல் எழுதின 2 கொரிந்தியர் நிருபம் 8-ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குக் கொரிந்து சபையார் பணம் சேர்க்கத் தொடங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. பவுல் அவர்களுடைய ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆசைப்பட்டது போலவே அதைச் செய்தும் முடியுங்கள் என்கிறார். "கிரியையில்லாத விசுவாசம் செத்தது", அதாவது செயல் இல்லாத நம்பிக்கை செத்தது, என்று யாக்கோபு நிருபத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் அது யாரோ ஒருவரைப் பற்றியதாக இருந்தது. இந்த அதிகாரத்தில் ஏல நோட்டில் என் பேர் தெரிந்தது.

பாலக்கோட்டிலிருந்து:

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு வருடம் தக்காளி விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பறிகூலிக்கே கட்டவில்லை. எங்கள் பக்கம் அப்படி ஆனால் ரோட்டோரம் கொட்டுவது வழக்கம். கொட்டுவதற்குப் போகிற வழியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பிள்ளைகள் ஹாஸ்டல். அங்கே இறக்கினால் டீசல் மிச்சம் என்றுதான் இறக்கினேன். வேறு எண்ணமே இல்லை. சிஸ்டர் ஓடி வந்து, "நேத்தே காய்கறி தீர்ந்துபோச்சுங்க, ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உள்ளதையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்று 1 கொரிந்தியர் 13-இல் இருக்கிறதே, அன்றைக்கு அது என்னைத்தான் சொன்னது. பிள்ளைகளுக்குப் பிரயோஜனம், எனக்கு இல்லை. அடுத்த தடவை நல்ல விலை. மண்டிக்கு ஏற்றும்போதே ரெண்டு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தேன். எடுக்கும்போது கை கூசியது, மறைக்கவில்லை. ஆனால் முதல் தடவை இறக்கின மொத்த லோடைவிட அந்த ரெண்டு பெட்டி எனக்குக் கனமாக இருந்தது.

கிருஷ்ணகிரி அண்ணா, அந்த அக்காவிடம் பிறகு சொன்னீர்களா?

எலத்தகிரிப் பக்கமிருந்து:

நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில் பிறந்து ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். எங்கள் கல்யாணப் பேச்சிலேயே இந்தச் சண்டை வந்தது. எங்கள் அப்பா "விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு" என்பார், மாமனார் "நற்செயல் இல்லாம என்ன விசுவாசம்?" என்பார். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் புராட்டஸ்டன்ட்களில் ஒரு பிரிவான லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே விஷயத்தில் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள் என்று எங்கள் ஃபாதர் அவர்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மீட்பு கடவுளின் அருளால் மட்டுமே, நற்செயல் அதிலிருந்து வருகிற கனி என்பது அதன் சாரம். அதோடு சண்டை ஓய்ந்தது.

ஆனால் நான் கற்றுக்கொண்டது என் மாமியாரிடம். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு வரப்புத் தகராறு, பத்து வருடமாகப் பேச்சு கிடையாது. பாட்டி இடுப்பு உடைந்து படுத்தபோது, "அவ மூஞ்சியில முழிக்கக்கூட மாட்டேன்" என்ற மாமியார், களி கிண்டி, கீரை கடைந்து, தினமும் என்னிடம் கொடுத்தனுப்பினார். திட்டிக்கொண்டேதான் கிண்டுவார். மூன்றாவது வாரம் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்றைக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். போனவர் ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறிப் போன மகனைப் பற்றி மத்தேயு 21-இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் முகம்தான் வரும். அத்தைக்கு மனசு முதலில் வரவில்லை. கை முதலில் போனது, மனசு பின்னாலேயே போனது.

ஓசூரிலிருந்து:

எல்லாம் சரி. ஆனால் செய்யவே முடியாதவர்களை மறந்துவிடாதீர்கள். அப்பாவுக்குப் பக்கவாதம், நாலு வருடமாகக் கட்டில்தான். வலது கையும் பேச்சும் பாதி போய்விட்டன. சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் பேரை ஒவ்வொன்றாகக் குழறிக் குழறிச் சொல்லி ஜெபிப்பார். ஒரு பேர் வாயில் வராவிட்டால் அழுவார். கிருஷ்ணகிரி அண்ணா சொன்ன அதே அதிகாரத்தில் அடுத்த வசனத்தையும் படியுங்கள். மனவிருப்பம் இருந்தால் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று இருக்கிறது. அப்பாவிடம் உள்ளது அந்தப் பேர்கள்தான். எனக்கு ரெண்டு கையும் நல்லாயிருக்கிறது, வண்டி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அப்பா சொல்வதையே நானும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

மறுபடியும் கிருஷ்ணகிரியிலிருந்து:

பாலக்கோடு தம்பிக்கு. சொன்னேன். உடனே இல்லை, ஷீட் போட்டு முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு நாள். அக்கா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க கூரை லேட்டானதுக்கு நானும் ஒரு காரணம்" என்று தொடங்கினேன்.

"தெரியும்பா. நீ கேக்கறப்ப நான் மூணாவது பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். பொருளாளர் சொன்னாரு, இன்னும் வரலைன்னு. அந்தத் தம்பி குடுத்துரும், அழுதுகிட்டே கேட்ட புள்ளைன்னு நான்தான் சொன்னேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பூசணிக்காயை என்ன பண்ணே?"

"சமைச்சு சாப்பிட்டுட்டோம்க்கா," என்றேன்.