மேகத்தில் வரும் மூக்குக்கண்ணாடிக்காரன்

சின்னவன்: மாமா, இருக்கீங்களா? மரியோ வீடியோ கேமில் 4-1 என்ற கட்டத்தில் மேகத்தில் ஒருத்தன் வருகிறானே, அவனை என்ன செய்வது? 11 தடவை செத்துவிட்டேன்.

சித்தி: சாவது அவன், கத்தல் எங்களுக்கு. அண்ணா, சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்கள்.

மாமா: அடடே, லாகிட்டு! 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் அவன் முதலில் தலைகாட்டுவதே அந்த 4-1இல்தான். நிற்காமல் ஓடுடா. முள் உருண்டை குறுக்கே வந்தால் ஒரு மிதி.

சின்னவன்: மிதித்தேன் மாமா. 12.

அக்கா: 😂😂 மாமா! அதன் பெயர் ஸ்பைனி. முதுகெல்லாம் முள். மிதித்தால் நாம்தான் காலி.

மாமா: ஆமாம்ல. ஆடி எத்தனை வருஷமாயிற்று!

அக்கா: சின்னவனே, நான் சொல்வதைக் கேள். ஓடினால் அவனும் கூடவே வருவான். முட்டையை எறிவதற்குக் கொஞ்சம் முன்னால் தலையை மேகத்துக்குள் இழுத்துக்கொள்வான், பார்த்திருக்கிறாயா?

சின்னவன்: இல்லை, நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்

அக்கா: அங்கேதான் தப்பு. மேகம் மட்டும் தெரிந்தால் முட்டை வரப்போகிறது, நகர்ந்துவிடு. முட்டை தரையில் விழுந்ததும் ஸ்பைனியாகி நடக்க ஆரம்பிக்கும். அப்புறம் கல் மேல் ஏறி நில். அவன் பக்கத்தில் வரும்போது எம்பி அவன் தலையில் குதி. அவனுக்கு முள் கிடையாது. நெருப்பு எறியும் சக்தி தரும் தீப்பூ இருந்தால் குதித்தபடியே சுடலாம், ஸ்பைனியும் அதற்குச் சாகும்.

மாமா: அப்போ என் ஓட்டம் வேஸ்டா?

அக்கா: இல்லை மாமா, அவனை வீழ்த்திய பிறகுதான் ஓட்டம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு லாகிட்டு வந்துவிடுவான். அதற்குள் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு லாபம்.

சித்தி: லாகிட்டுவா? இது என்ன பெயர்?

அக்கா: ஜப்பானில் அவன் பெயர் ஜுகெமு, சித்தி. அங்கே ரகுகோ என்று உட்கார்ந்தபடியே கதை சொல்லும் கலை உண்டு. அதில் ஒரு அப்பா, பிள்ளை நீண்ட நாள் வாழட்டும் என்று ரயில் மாதிரி நீளப் பெயர் வைக்கிறார். ஜுகெமு என்றுதான் அது தொடங்கும். பையன் அடித்து ஒருவனுக்கு மண்டை வீங்கிவிடும். யார் அடித்தது என்று முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் வீக்கமே வற்றிவிடும் 😄 நடுவில் பைப்போ என்று ஒரு சொல் வரும், அதுதான் அந்த முட்டைக்குப் பெயர்.

சித்தி: நம் பெரியப்பா பெயரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது

மாமா: 🤣🤣

அக்கா: 1996இல் மரியோ 64 வந்தபோது அவன் கையில் கேமரா. நாம் பார்க்கும் காட்சியெல்லாம் அவன் பிடிப்பதுதான். மரியோ கார்ட்டில் விளக்குக் காட்டிப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பான், பள்ளத்தில் விழுந்தால் தூண்டில் போட்டுத் தூக்கி விடுவான்.

சித்தி: முள் எறிந்தவனுக்கு இத்தனை உத்தியோகமா!

சின்னவன்: அக்காஆஆ மிதித்துவிட்டேன்!! கல் மேலிருந்து ஒரே குதி, மேகத்தோடு போய்விட்டான்

மாமா: சபாஷ்! ஓடு, ஓடு!

சின்னவன்: ஓடினேன் மாமா

சின்னவன்: குழியைப் பார்க்கவில்லை. 13.

சித்தி: தெரியும். சமையலறை வரைக்கும் கேட்டது.