முட்டைகள் பஞ்சு பிடிக்கின்றன, செவுளில் வெள்ளைப் புள்ளி: மருந்து ஊற்றலாமா?

கோண்டாவில்காரி:
வணக்கம். மூன்றடித் தொட்டியில் நாலு கோல்ட் ஃபிஷ், கிணற்றுத் தண்ணீர். விடியக்காலையில் இரண்டு மீன்கள் வயிறு பெருத்த ஒன்றை விடாமல் துரத்துகின்றன. பிறகு பாசியிலும் கண்ணாடியிலும் முட்டைகள் ஒட்டியிருக்கும். மத்தியானத்துக்குள் பாதி காணாமல் போய்விடும், மிச்சத்தில் மறுநாள் வெள்ளைப் பஞ்சு. துரத்துகிற இரண்டுக்கும் செவுள் மூடியில் உப்புத்தூள் தூவின மாதிரிப் புள்ளிகள். கடையில் வெள்ளைப் புள்ளி நோய் என்று மருந்து தந்தார்கள். ஊற்றலாமா?

நல்லூரான்:
வேண்டாம் தங்கச்சி! புள்ளி செவுள் மூடியிலும் பக்கச் செட்டையின் முன் ஓரத்திலும் மட்டும்தானே? அப்படியென்றால் அது நோயில்லை, ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதற்கு அடையாளம். நோய் என்றால் உடம்பு, வால் எங்கும் பரவும், மீன் கல்லில் உரசும்.

முட்டையைத் தின்பது பெற்றோர்தான். துரத்தல் அடங்கியதும் பாசியோடு எடுத்து வேறு தொட்டியில் வையுங்கோ. தண்ணீரைப் பழைய தொட்டியிலிருந்தே எடுக்கலாம், புதுக் கிணற்றுத் தண்ணீரும் விடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரின் கடினம் இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அள்ளின கையோடு ஊற்றக் கூடாது, அதில் ஒட்சிசன் குறைவு. ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டால் சரி.

எல்லா முட்டையும் வெள்ளையா?

கோண்டாவில்காரி:
ஓம் அண்ணா, புள்ளி அந்த இடங்களில் மட்டும்தான். இன்றைக்கு இட்டதைப் பிரித்து வைக்கிறேன், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

கோண்டாவில்காரி (மறுநாள்):
டோர்ச் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் வெள்ளை. மற்றவை கண்ணாடி போல இருக்கின்றன, சிலதில் இரண்டு கறுப்புப் பொட்டு!

நல்லூரான்:
கண்கள் அவை! நல்ல சந்தோசம். கருக்கட்டாத முட்டைதான் வெள்ளையாகும், அதில் பிடித்த பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். ஆகவே வெள்ளையானதை இடுக்கியால் பொறுக்கி எறியுங்கோ. பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாய மருந்தான மெதிலீன் நீலம் இலேசாக நிறம் தெரியுமளவு விட்டாலும் நல்லது. எங்கள் வெக்கைக்கு மூன்று நாளளவில் பொரிக்கும்.

வடமராட்சி மீன்பிரியை:
பொரித்தவுடன் தீனி போடாதே பிள்ளை. இரண்டு நாள் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு கருவூணில்தான், அதாவது வயிற்றுப் பையில் மிஞ்சின முட்டைச் சத்தில்தான் இருக்கும். நீந்தத் தொடங்கினால் கிணற்றடித் தொட்டியின் பச்சைத் தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்று, அதிலுள்ள நுண்ணுயிர்தான் தீனி. வடிக்காவிட்டால் தும்பிக் குஞ்சு வந்து மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும். அவித்த மஞ்சள்கரு என்றால் துளியளவுதான், மிஞ்சினால் தண்ணீர் நாறிவிடும். ஸ்பொஞ்ச் ஃபில்டர் போடு, மற்றது குஞ்சை இழுத்துவிடும்.

கோண்டாவில்காரி:
நன்றி அக்கா. குஞ்சு எந்த நிறத்தில் வரும்?

வடமராட்சி மீன்பிரியை:
முதலில் மங்கல் பழுப்புத்தான், பயப்படாதே. செம்மஞ்சள் வர மாதக்கணக்காகும், சிலது மாறாமலே இருந்துவிடும்.