பிரேக் சத்தம்: உங்க வண்டியில என்னவா இருந்துச்சு?

மலையிறங்கி:
வால்பாறையில இருந்து ஆழியார் இறங்கறோம். 40 கொண்டை ஊசி வளைவுல பாதிகூடத் தாண்டல, முன்னாடி இடது வீல்ல கர்ர்ர்னு இரும்பை அறுக்கற சத்தம். பிரேக் மிதிச்சாலும் அதே, விட்டாலும் அதே. கீழ வந்து ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினா, வீலைக்கூடக் கழட்டாம பிரேக் பேடு, அது அழுத்திப் பிடிக்கற இரும்புத் தட்டு டிஸ்க், ரெண்டும் மாத்தணும்னு எஸ்டிமேட் நீட்டறாங்க. வாங்கி டேஷ்போர்டுல போட்டுட்டு ரோட்டோர பஞ்சர் கடையில நிறுத்தினேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ரிவர்ஸ் எடுத்துப் பாத்தீங்களா சார்?" எடுத்தேன். டங்குன்னு சத்தம். டிஸ்க்குக்கும் பின்னாடி இருக்கற தகட்டுக்கும் நடுவுல சிக்கியிருந்த புளியங்கொட்டை சைஸ் ஜல்லி கீழ விழுந்துச்சு. காசு குடுத்தா வாங்கவே மாட்டேன்னுட்டார்.

கோவை_டீசல்:
கல்லுன்னா நீங்க அதிர்ஷ்டக்காரர். பேடு தேஞ்சா டிஸ்க்ல உரசிக் கத்தறதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருப்பான்ல, அது கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சப்ப வண்டி என் மச்சான் கையில. பாட்டைச் சத்தமா வச்சு ஓட்டியிருக்கான்! கீச் போய் கரகரன்னு ஆனப்புறம்தான் கொண்டுவந்தான். கழட்டினா பேடு மேல உரசறதுக்குன்னு இருக்கற லைனிங்கே இல்ல, பேடோட இரும்பு டிஸ்க்கைக் கோடு கோடாக் கிழிச்சு வச்சிருக்கு. நகத்தை வச்சு இழுத்தா தட்டுது.

டிரம்_பார்ட்டி:
எனக்குப் பின் வீல்ல டிரம் பிரேக். உள்ள உரசற ஷூவோட தூசிதான். கழட்டி ஊதினேன், சரியாயிருச்சு.

பழைய_ஸ்பேனர்:
@டிரம்_பார்ட்டி வாயால ஊதாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க. @மலையிறங்கி, ரிவர்ஸ் எடுத்தா எல்லாச் சத்தமும் போயிரும்னு ஜனங்க நினைச்சுக்கப் போறாங்க. மிதிக்காமலே கரகரன்னா கல்லா இருக்கலாம், பேடை டிஸ்க்ல அழுத்தற காலிப்பர் விடாம பிடிச்சுக்கிட்டும் இருக்கலாம். ஓட்டி நிறுத்தினதும் ஒரு வீல் மட்டும் கொதிக்குதான்னு பாருங்க. கீச்சுன்னா முதல்ல பேடு கனம். 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா யோசிக்காம மாத்துங்க. காலிப்பர் நகர்ற கம்பி, அதான் பின், அதுக்கு சாதா கிரீஸ் போட்டா ரப்பர் உப்பிக்கும், சிலிக்கான் கிரீஸ்னு கேட்டு வாங்குங்க. பேடு முகத்துல ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. மழைக்கு மறுநாள் காலைல முதல் மிதிக்கு வர்ற சத்தம் வெறும் துரு, தானா போயிரும். மலையிறங்கும்போது ரெண்டாவது கியர்ல வாங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பேடு இறுகிப் பளபளன்னு ஆயி அப்புறம் கத்திக்கிட்டேதான் இருக்கும்.
என் கதையா? புதுப் பேடு போட்டும் கீச். காலிப்பர் பின் கிரீஸ் இல்லாம காஞ்சு கிடந்துச்சு.

மலையிறங்கி:
நான் ரெண்டாவது கியர்ல வரலன்னு யார் சார் சொன்னது? கல்லுக்கு என்ன கியர் தெரியும்? @கோவை_டீசல், அந்த டிஸ்க்குக்கு மச்சான் காசு குடுத்தாரா இல்லையா?