புதுப்பிப்பு: கோடை ஆய்வுக்குத் தயங்கிய மாணவி

குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் இயற்பியல் மாணவி ஒருத்தி, அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறாள், என்ன செய்யலாம் என்று நவம்பரில் உங்களிடம் கேட்டு எழுதியிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது!

அவள் விண்ணப்பக் கட்டுரையை நான் திருத்தவில்லை; கேள்விகள் மட்டும் கேட்டேன். நான்காவது வரைவில் அவள் குரல் வந்தது. கடினமானது வேறு. உதவித்தொகை கைக்கு வரும்வரை பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமே. நீங்கள் சொன்னபடி பழைய மாணவர்களிடம் கேட்டோம். மூன்றே நாளில் சேர்ந்தது. அவள் அப்பாவின் அச்சத்தை, சென்ற ஆண்டு போய்வந்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் பேசித் தீர்த்தாள். நான் பத்து முறை சொல்லியும் நடக்காதது அது.

அடுத்து முதுகலை, பிறகு ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேர்வு. அதில் தேறி ஆய்வு செய்பவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள் என்றேன். "படிக்கிறதுக்கா?" என்று அவள் அம்மா இருமுறை கேட்டார்.