புதுப்பிப்பு: காரைக்குடி கல்யாணத்துக்குப் போய் வந்தோம்

எங்கள் கல்லூரி செட்டில் இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள், சென்னையிலிருந்து மனைவியோடு காரைக்குடி போக காரா, ரயிலா என்று கேட்டிருந்தேன் இல்லையா? பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலைச் சொன்னவர்களுக்கு நன்றி. பிற்பகல் எழும்பூரில் ஏறி, இரவு அலுப்பில்லாமல் போய் இறங்கினோம்.

கல்யாணம் பெண் வீட்டு வளவிலேயே, அதாவது வீட்டின் உள்முற்றத்திலேயே, நடந்தது. காலுக்கு ஜில்லென்று ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் மரத்தூண்கள். கழுத்துருவை, அதாவது செட்டிநாட்டுத் தாலியை, பக்கத்தில் நின்று பார்த்தேன்: மஞ்சள் பூசிய நூலில் கோத்த தங்க உருப்படிகள், நெஞ்சுவரை தொங்குகிறது. அதைப் பூட்டும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் நான், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

யாரையும் தெரியாதே என்று தயங்கிய என் மனைவி, பந்தியில் கவுனி அரிசி (கறுப்பரிசி) இனிப்பு வருவதற்குள் எங்கள் பழைய கதைகளையெல்லாம் தோழிகளிடம் கறந்துவிட்டாள். அவளைக் கூட்டிப்போனது அவ்வளவு நல்லதாயிற்று.

அப்புறம், மறுநாள் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்து செதுக்கிய பிள்ளையார், கட்டாயம் பாருங்கள். திரும்பும் பல்லவன் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும், முதல் நாளே ஆட்டோ சொல்லி வையுங்கள்.