பழைய ‘ஆப்பிரிக்கன் வயலட் மேகசின்’ இதழ்களில் இன்றும் பயன்படுவது எது?

சன்னலோரம்

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக ஆப்பிரிக்க வயலட் என்னும் சிறு பூச்செடிகளை வீட்டுக்குள் வளர்த்துவந்த ஓர் அம்மையார், மகள் வீட்டுக்குக் குடிபெயரும்போது, தம்மிடமிருந்த ‘ஆப்பிரிக்கன் வயலட் மேகசின்’ பழைய இதழ்களை ஒரு பெட்டி நிறைய எனக்குக் கொடுத்துச் சென்றார். 1950களின் தொடக்கத்திலிருந்து 1990கள் வரையிலானவை. இடையிடையே சில இதழ்கள் இல்லை. இரண்டு வாரங்களாக இரவு உணவுக்குப் பின் நான் வேறெதையும் படிக்கவில்லை. ஓர் இலைக்காம்பை எங்கே, எப்படி நறுக்கி ஊன்ற வேண்டும் என்பதை இவ்வளவு அக்கறையோடு எடுத்துச் சொல்லும் பத்திரிகையை நான் இதற்கு முன் கண்டதில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இவற்றில் உள்ள வளர்ப்பு முறைகளுள் எவற்றை இன்றும் நம்பிப் பின்பற்றலாம்? அடுத்து, அந்த அம்மையார் இதழ்களோடு ஒரு செடியையும் கொடுத்தார். வெள்ளைப் பூவின் ஒவ்வோர் இதழ் நடுவிலும் ஊதாப் பட்டை ஓடுகிறது. பார்ப்பதற்குக் காற்றாடி போல இருக்கிறது. தொட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை, அவருக்கும் பெயர் நினைவில்லை. இதழ்களில் உள்ள வண்ணப்படங்களை வைத்து அதன் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? செடிக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் மூன்று இலைகளை எடுத்து ஊன்றியும் வைத்திருக்கிறேன்.

திரிவிளக்கு

சன்னலோரம் அவர்களுக்கு வணக்கம். உங்களிடம் வந்து சேர்ந்திருப்பது பெரிய செல்வம். ஓர் இதழையும் விட்டுவிடாதீர்கள்.

1946இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு மலர்க்கண்காட்சியை ஒட்டித்தான் அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் உருவானது. மறு ஆண்டே பத்திரிகையும் தொடங்கியது. எழுதியவர்களில் பெரும்பாலோர் சமையலறைச் சன்னலில் செடி வளர்த்தவர்கள். தமக்குக் கைகூடியதையும் கைகூடாததையும் ஒளிக்காமல் எழுதினார்கள் என்பதே இந்தப் பத்திரிகையின்மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

வண்ணப்படங்களைப் பார்த்து முடித்த பிறகு, பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பதிவுப் பட்டியலுக்குப் போங்கள். புதியவர்கள் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகும் அந்தப் பக்கங்களைத்தான் நான் முதலில் படிப்பேன். சாகுபடி வகைகளின் பெயர்களைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பொறுப்பு இந்தச் சங்கத்திடமே உள்ளது. எனவே ஒரு வகையின் பெயர், பதிவெண், உருவாக்கியவர், பூ ஒற்றையடுக்கா இரட்டையடுக்கா, நிறம், இலையின் வடிவம், செடியின் அளவு ஆகிய அனைத்தும் இரண்டு வரிகளில் அடங்கிவிடும். அளவுச் சொற்களுக்கும் துல்லியமான பொருள் உண்டு. ஆறு அங்குலத்துக்கு மேல் படராதது குறுஞ்செடி. எட்டு அங்குலம் வரை செல்வது அரைக்குறுஞ்செடி. அதற்கு மேல் பதினாறு அங்குலம் வரை இயல்பளவு. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், எந்தப் பத்தாண்டில் எத்தகைய பூவுக்கு மக்கள் ஆசைப்பட்டார்கள் என்பது தானாகவே விளங்கும்.

உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு வருகிறேன். படத்தைப் பார்த்துப் பெயர் சூட்டாதீர்கள். ஒன்றுபோலவே தோற்றமளிக்கும் வகைகள் ஏராளமாக இருக்கின்றன. தவறான பெயர்ச்சீட்டோடு ஒரு செடி நான்கு பேர் கைக்கு மாறிவிட்டால், அந்தப் பிழையைத் திருத்த எவராலும் முடியாது. பெயர் தெரியாத செடி என்று எழுதி வைப்பதே நேர்மையானது.

நீங்கள் ஊன்றிய இலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றாடிப் பட்டையுள்ள பூ என்றால் அது கைமீரா வகையாகவே இருக்கக்கூடும். அதன் திசு அடுக்குகள் வெவ்வேறு மரபுத்தன்மை கொண்டவை. இலையிலிருந்து முளைக்கும் கன்று அந்த அடுக்கமைப்பை அப்படியே கொண்டு வராது என்பதால், பூக்கும்போது பெரும்பாலும் ஒரே நிறமாகப் பூத்துவிடும். இவ்வகையைப் பெருக்கப் பக்கக்கன்றையோ பூக்காம்பையோ பயன்படுத்த வேண்டும். பூக்காம்பில் உள்ள சிறு இலைகளின் கக்கத்திலிருந்து வரும் குருத்து தாய்ச்செடியைப் போலவே பூக்கும்.

குன்னூர்த் தோட்டம்

திரிவிளக்கு ஐயா சொன்னதோடு எச்சரிக்கை ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். பழைய இதழ்களில் உள்ள பூச்சிமருந்துக் குறிப்புகளை வரலாறாக மட்டுமே படியுங்கள். குருத்தில் புகுந்து அதைச் சுருக்கிச் சாம்பல் நிறமாக்கும், கண்ணுக்குத் தெரியாத சைக்ளமன் சிற்றுண்ணிக்கு அக்காலத்தில் சோடியம் செலினேட்டை மண்ணில் இட்டார்கள்; பின்னர் டைகோஃபால் என்ற பூச்சிமருந்து வந்தது. முன்னது மனிதருக்கும் கொடிய நஞ்சு. பின்னது 2019இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களுக்கு எதிரான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெட்டியோடு பழைய மருந்துப் புட்டிகள் ஏதும் வந்திருந்தால் திறக்காமல், உங்கள் ஊரில் அபாயகரக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

மண்கலவையிலும் அப்படியே. தோட்டத்து மண்ணையும் இலைமக்கையும் அடுப்பில் சூடேற்றிச் சேர்த்த பக்குவங்கள் படிக்கச் சுவையானவை. அந்தக் கனத்த கலவையில் வேர் எளிதில் அழுகிவிடும். பீட் எனும் மக்கிய பாசி, பெர்லைட், வெர்மிகுலைட் எனும் இலேசான கனிமத் துகள்கள் ஆகியவற்றைச் சமமாகக் கலக்கும் பிற்கால முறையே பாதுகாப்பானது, குறிப்பாகத் தொட்டியின் அடியில் திரி வைத்து அதன்வழியே நீர் ஊட்டுவதாக இருந்தால். நான் பீட்டுக்குப் பதிலாக நன்கு அலசிய தேங்காய் நார்க்கழிவைப் பயன்படுத்துகிறேன். அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை விளிம்பைக் கருக்கிவிடும்.

செடிக்கு ஒளிதரும் விளக்குக்குச் சொல்லப்பட்ட உயரங்கள் நாற்பது வாட் குழல்விளக்குகளுக்கானவை. எல்இடி விளக்கை அதே உயரத்தில் வைத்தால் நடுக்குருத்து இறுகி, இலை வெளிறிவிடக்கூடும்.

மாறாமல் நிற்பவையும் உண்டு. இலையில் நீர் பட்டாலே புள்ளி விழும் என்பது சரியல்ல. இலையின் சூட்டுக்கும் நீரின் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாடே புள்ளிக்குக் காரணம். கீழிலைகள் உதிர்ந்து தண்டு கழுத்துபோல் நீண்டுவிட்டால், அதை மண்ணுக்குள் புதைத்து மறுநடவு செய்யும் முறையை இன்றும் நான் அந்தப் பழைய படங்களைப் பார்த்துத்தான் பிறருக்குக் கற்றுத்தருகிறேன். வெள்ளை கலந்த இலைகள் குளிரில் மேலும் வெளுத்து வெப்பத்தில் பச்சையாகும் என்ற அவர்களுடைய குறிப்பை, எங்கள் மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு இறக்கிக்கொண்டு போன செடிகளில் நானே கண்டிருக்கிறேன்.

மலைச்சாரல்

நான் உயிரியல் ஆசிரியை. நீங்கள் இதழ்களைப் படிக்கும்போது ஒரு பெயர்மாற்றத்தையும் மனத்தில் வையுங்கள். இன்றைய டான்சானியாவின் உசம்பரா மலையிலிருந்து 1892இல் வால்டர் வான் செயின்ட் பால்-இல்லேர் என்ற ஜெர்மானிய அதிகாரி தம் தந்தைக்கு அனுப்பிய இந்தச் செடியை, 1893இல் ஹெர்மன் வெண்ட்லண்ட் ‘செயின்ட்போலியா’ என்று பெயரிட்டு விவரித்தார். 2015இல் அந்தப் பேரினம் ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற மற்றொரு பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய இதழில் செயின்ட்போலியா என்றும் புதிய நூலில் ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்றும் இருப்பது ஒரே செடியே. அதன் காட்டு வகைகளுள் சில, காடு அழிவதால் தம் சொந்த மலையிலேயே அருகிவருகின்றன. காட்டு வகைகளைப் பற்றிய கட்டுரைகள் உங்கள் பெட்டியில் இருந்தால், அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சன்னலோரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துப் புட்டி எதுவும் பெட்டியில் இல்லை. ஊன்றிய இலைகளை அப்படியே விட்டுவைக்கிறேன். எந்த நிறத்தில் பூக்கிறது என்பதைப் பார்க்க ஆவலாக உள்ளது. தாய்ச்செடியின் அடியில் ஒரு பக்கக்கன்று இருப்பதை இன்று காலை கண்டேன். அது நான்கு இலை விடும்வரை பொறுத்திருந்து பிரித்தெடுத்து, வேர் பிடித்ததும் அந்த அம்மையாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியிருக்கிறேன். பெயர்ச்சீட்டில் ஐயா சொன்னபடி ‘பெயர் தெரியாதது’ என்றும், அதன் கீழே அவர் எனக்குச் செடியைக் கொடுத்த தேதியையும் எழுதுவேன்.