தலைக்கு மேல் போகும் பெரிய கம்பியை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

மாலை வகுப்பு ஆசிரியை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் அறிவியல் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு நடக்கும் மண்டபத்திற்குப் பின்னால் செம்பனைக் காட்டைப் பிளந்துகொண்டு ஓர் அகலமான வெட்டவெளி போகிறது. அதன் நடுவே இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. தூறல் விழும் நாள்களில் அங்கே நின்றால், வண்டுக் கூட்டம் இரைவது போல மேலே ஓயாமல் ஓர் ஓசை கேட்கும்.

சென்ற வாரம் இடிமழையில் மின்சாரம் போய், இரண்டு மணி நேரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வகுப்பு நடந்தது. அப்போது ஒரு மாணவன், "டீச்சர், இவ்வளவு பெரிய கம்பி நம் தலைக்கு மேலேயே போகிறதே, நமக்கு ஏன் கரண்டு இல்லை?" என்று கேட்டான். என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசிக்க யோசிக்க எனக்கே வேறு கேள்விகளும் எழுந்தன. அந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? நள்ளிரவில் நாடே உறங்கும்போது உற்பத்தியாகும் மின்சாரத்தை எங்கே வைக்கிறார்கள்? துறை அறிந்தவர்கள் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் (ஈப்போ)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஒரு கம்பத்தை ஒட்டிப் போகிறது என்பதற்காக அந்தக் கம்பத்தார் வேலியைத் தாண்டி அதில் ஏறிவிட முடியாது. டோல் சாவடி இருக்கும் இடத்திற்குப் போய்த்தான் நுழைய வேண்டும். உங்கள் தலைக்கு மேல் போகும் கம்பியும் அப்படிப்பட்டதுதான். தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் 500, 275, 132 கிலோவோல்ட் ஆகிய மூன்று அழுத்தங்களில் நெடுந்தொலைவு பயணம் செய்கிறது. துணைமின் நிலையங்களில் அது 33 ஆகவும் 11 ஆகவும் படிப்படியாக இறக்கப்பட்டு, கடைசியாகத் தெருமுனை மின்மாற்றியில் 230 வோல்ட்டாகி உங்கள் மண்டபத்திற்கு வருகிறது. இடிமழையில் அறுபடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிதான். மரக்கிளையோ மூங்கிலோ 11 கிலோவோல்ட் கம்பியில் சாய்ந்தால் உங்கள் ஊர் இருண்டுவிடும். பெரிய கம்பியோ அதைப் பற்றிய சலனமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அழுத்தத்தை ஏன் அவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். ஒரே அளவு ஆற்றலை அனுப்பும்போது அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகிறது. கம்பி சூடேறி வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப இருப்பதால், அந்த இழப்பு கால் பங்காகக் குறைந்துவிடும். தூறலில் நீங்கள் கேட்ட ஓசை, கம்பியில் தொங்கும் நீர்த்துளிகளின் முனையில் காற்று மின்னேற்றம் அடைந்து சிறுசிறு பொறிகளாக வெடிப்பதனால் உண்டாவது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நள்ளிரவில் மின்சாரத்தை எங்கும் வைப்பதில்லை. இந்தத் தொழிலின் சிரமம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். நீங்கள் விசிறியைத் தட்டும் அந்த நொடியில் அதற்கு வேண்டிய மின்சாரத்தை எங்கோ ஒரு டர்பைன் உற்பத்தி செய்தாக வேண்டும். உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்கின்றனவா என்பதைக் காட்டும் முள் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது என்ற எண்ணிக்கை. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். பயன்பாடு கூடினால் நாடு முழுவதும் உள்ள மின்னாக்கிகள் எல்லாம் ஒன்றாகச் சற்று மெதுவாகின்றன. குறைந்தால் ஒன்றாகச் சற்று வேகமாகின்றன. பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை ஒரே முள்தான். இயல்பான நிலையில் அது 49.5-க்கும் 50.5-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைவிட மிக நெருக்கமாகவே 50-ஐ ஒட்டி நிறுத்துகிறார்கள்.

அந்த முள்ளைக் காப்பவர்தான் மின்கட்டமைப்பு இயக்குநர். தீபகற்பத்தில் இந்தப் பொறுப்பை, மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்துக்குள்ளேயே தனி வேலியிட்டுப் பிரித்து வைக்கப்பட்ட ஓர் அமைப்பு சுமக்கிறது. அதன் செயல்பாட்டை எரிசக்தி ஆணையம் மேற்பார்வையிடுகிறது. இதற்கு இணையாக ஒற்றைக் கொள்முதலாளர் என்று இன்னோர் அமைப்பு உண்டு. நாளைய தேவை இவ்வளவு என்று கணித்து, எந்த நிலையத்தின் மின்சாரம் மலிவோ அதை முதலிலும், விலை கூடியதைக் கடைசியிலும் வைத்து, அரைமணிக்கு ஒரு வரிசையாக அட்டவணை போடுவது அதன் வேலை. அந்த அட்டவணையை நொடிக்கு நொடி நடப்புக்கு ஏற்ப வளைப்பதுதான் தேசியக் கட்டுப்பாட்டு மையத்தில் ஷிப்ட் முறையில் அமர்ந்திருப்பவர்களின் வேலை. அவர்கள் உங்கள் ஊர் விளக்கை ஏற்றுவதும் இல்லை, அணைப்பதும் இல்லை. "இந்த நிலையம் 50 மெகாவாட் ஏற்று, அந்த மின்கம்பித் தடத்தைப் பராமரிப்புக்காக விடு" என்ற வகையில்தான் அவர்களுடைய பேச்சு இருக்கும்.

நிலையங்களின் குணம் அறிந்து வேலை வாங்குவதில்தான் அவர்களின் திறமை தெரியும். மஞ்சோங் போன்ற நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து எழுப்ப மணிக்கணக்கில் ஆகும். ஆகவே அதை இரவும் பகலும் ஓடவிடுகிறார்கள். எரிவாயு நிலையங்கள் அதைவிட வளைந்து கொடுக்கும். நீர்மின் நிலையமோ சில நிமிடங்களில் முழு வேகம் பிடித்துவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே, பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என்று நான்கு அணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தெமெங்கோரில் மட்டும் 348 மெகாவாட் உண்டு. மேலே திறந்த நீர் கீழே உள்ள ஒவ்வோர் அணையிலும் மறுபடி மறுபடி உழைக்கிறது. குளிர்சாதனங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் வெக்கையான பிற்பகலில் இந்த அணைகள் கைகொடுக்கும். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் நிலைமை தலைகீழ். தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும்போது தேவை சரிந்து, எந்த நிலையத்தை எவ்வளவு தாழ்த்துவது என்பதே கவலையாகிவிடும். பண்டிகை நாள் ஷிப்ட் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பதுண்டு, அது உண்மையில்லை.

ஆலை எஞ்சின் அறை (கோலகங்சார் வட்டாரம்)

ஐயா சொன்ன முள்ளைக் கண்ணால் பார்க்க விரும்பினால், டீச்சர், பிள்ளைகளை ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் ஆலையில் எஞ்சின் டிரைவராக இருக்கிறேன். பிழிந்து எடுத்த பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் நீராவி எடுத்து, அதைக் கொண்டு டர்பைன் சுழற்றி எங்கள் மின்சாரத்தை நாங்களே உற்பத்தி செய்கிறோம். ஒரு மெகாவாட்டை ஒட்டிய சிறிய இயந்திரம்தான். ஆனால் நாடு முழுவதும் நடப்பது எல்லாம் அதில் அப்படியே நடக்கும்.

பிழி இயந்திரம் ஒன்றை ஓடவிட்டவுடன் பலகையில் அதிர்வெண் முள் 50-இலிருந்து சட்டென்று 49-க்கு வழுகும். அதே கணத்தில் மேலே எரியும் விளக்கு ஒரு முறை மங்கி எழும். டர்பைனின் கவர்னர் வேகம் குறைந்ததை உணர்ந்து நீராவி வால்வைத் திறக்கும், முள் மெல்ல ஏறும். புதிதாக வந்த பையன் ஒருவன் இரண்டு பிழி இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டான். முள் மேலும் கீழே போய், பாதுகாப்புக் கருவி விழுந்து, ஆலையே இருண்டது. அன்று அவன் வாங்கிய திட்டை இன்றும் சொல்லிச் சிரிப்போம். எங்களுக்கு ஒரு பிழி இயந்திரம் எப்படியோ, நாட்டுக்கு 1,000 மெகாவாட் நிலைய அலகு ஒன்று திடீரென நின்றுபோவது அப்படி என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் ஐயா திருத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது டர்பைனை முதலாவதோடு இணைப்பதற்கு முன்பு, வட்டமான ஒரு கருவியின் முள் மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டு மணி நிலைக்கு வரும் வரை காத்திருந்து, சரியாக அந்த நேரத்தில்தான் சுவிட்சைப் போட வேண்டும். அவசரப்பட்டால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

மின்கட்டமைப்பு வருவதற்கு முன்பு மலாயாவே இப்படித்தான் தனித்தனித் தீவாக இருந்திருக்கிறது. 1894-இல் ராவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி நிறுவியதிலிருந்துதான் இந்நாட்டு மின்சாரத்தின் கதை தொடங்குகிறது. செண்டேரோ அணையும் கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்காக எழுந்ததுதான். 1930-இல் ஓடத் தொடங்கிய அந்த அணையிலிருந்து இன்றும் மின்சாரம் வருகிறது. என் அப்பா காலத்துத் தோட்டத்தில், கிராணி டீசல் எஞ்சினை நிறுத்தச் சொல்லும் நேரம்தான் லயத்தில் எல்லாருக்கும் உறங்கும் நேரம்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் (ஈப்போ)

தம்பி சொன்னது முற்றிலும் சரி. நான் எழுதியதைவிட அவர் எழுதியது தெளிவாகவும் இருக்கிறது. ஓர் அளவை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தீபகற்பத்தின் உச்சத் தேவை இப்போது 20,000 மெகாவாட்டை ஒட்டி நிற்கிறது. மஞ்சோங்கின் பெரிய அலகு ஒன்று விழுந்தால் அதில் இருபதில் ஒரு பங்கு ஒரே நொடியில் காணாமல் போகும். அதைத் தாங்குவதற்காகவே, எப்போதும் சில இயந்திரங்களை முழுச் சுமை ஏற்றாமல், கையிருப்போடு சுழலவிட்டு வைக்கிறார்கள். அதுவும் போதாமல் முள் தொடர்ந்து சரிந்தால், மனிதர் யாரையும் கேட்காமல் தானியங்கிக் கருவிகள் சில பகுதிகளின் மின்சாரத்தைப் படிப்படியாக வெட்டிவிடும். அப்போது இருளில் இருப்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அப்படி வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள் மாலையில் பார்த்தோம். திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு தடம் அறுபட்டதைத் தொடர்ந்து நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, தீபகற்பம் முழுவதும் இருண்டது.

அப்படி முழுவதும் இருண்ட பிறகு எழுப்புவது இன்னும் கடினம். நிலக்கரி நிலையத்தின் பம்புகளையும் காற்றாடிகளையும் ஓட்டவே மின்சாரம் வேண்டும். அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே சிறிய டீசல் எஞ்சினின் துணையோடு தானாகவே எழக்கூடிய நீர்மின் நிலையம் போன்ற ஒன்றை முதலில் எழுப்பி, அதிலிருந்து ஒரு தடத்திற்கு உயிரூட்டி, அந்தத் தடத்தின் வழியே அடுத்த நிலையத்தை எழுப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தம்பி சொன்ன பன்னிரண்டு மணி முள், இந்த வேலையில் இரண்டு பெரிய தீவுகளை இணைக்கும் இடத்திலும் வேண்டும்.

மீரி வாசி

ஒரு சிறு திருத்தம். இங்கே எழுதுபவர்கள் "நாடு முழுவதும்" என்று சொல்லும்போது சபாவையும் சரவாக்கையும் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்குத் தனித்தனிக் கட்டமைப்பு உண்டு. தென்சீனக் கடலைக் கடந்து தீபகற்பத்தோடு எந்தக் கம்பியும் இணையவில்லை. எங்கள் பாக்குன் அணையின் 2,400 மெகாவாட்டில் ஒரு துளிகூட ஈப்போவுக்கு வருவதில்லை. தீபகற்பத்திற்கோ வெளிநாட்டு இணைப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது: ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கும், கெடாவின் குரூனிலிருந்து தாய்லாந்துக்கும்.

மாலை வகுப்பு ஆசிரியை (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறார். பட்டப்பகலில் நல்ல வெயில் அடிக்கும்போதே ஒருநாள் மின்சாரம் போனது. அவர் வீடும் எங்களோடு சேர்ந்து நின்றுவிட்டது. காசு கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று அவர் புலம்புகிறார்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் (ஈப்போ)

அவர் ஏமாறவில்லை என்று சொல்லுங்கள். மின்கலம் இல்லாமல் கட்டமைப்போடு இணைக்கப்பட்ட சூரியத் தகடு, வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் தாளம் போடும். அது நின்றவுடன் தானும் நிற்கும்படி அதன் கருவியை அமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி மரக்கிளையை அகற்ற ஏறும் ஊழியர் மேல் அண்ணனின் கூரை மின்சாரம் பாய்ந்துவிடும்.

வகுப்புக்கு ஒரு பயிற்சியும் தருகிறேன். கோபுரத்தின் ஒவ்வொரு கையிலும் எத்தனை கம்பிகள் கொத்தாகப் போகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். நான்கு நான்காக இருந்தால் அது 500 கிலோவோல்ட். இரண்டு இரண்டாக இருந்தால் 275 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். தொலைவில் நின்றே எண்ண வேண்டும்.

ஆலை எஞ்சின் அறை (கோலகங்சார் வட்டாரம்)

ஐயா சொன்ன "தொலைவில்" என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள், டீச்சர். வீட்டில் குலை அறுக்கும் அலுமினியக் கழி இருந்தால், அதைத் தூக்கிக் காட்டி எண்ணுகிறேன் என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். இந்தக் கம்பிகளுக்கு உறை கிடையாது; கழி தொடாவிட்டாலும், நெருங்கினாலே மின்சாரம் தாவும். வெட்டவெளியில் உயரமான மரம் எதையும் விடாததற்குக் காரணமும் அதுதான்.

மாலை வகுப்பு ஆசிரியை (சுங்கை சிப்புட்)

இன்று மாலை செம்மண் சாலை ஓரத்திலேயே எல்லாரையும் நிறுத்தி எண்ணச் சொன்னேன். கழி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று கைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு கம்பிகள். "அப்படியென்றால் 275, டீச்சர்" என்று கேள்வி கேட்ட அதே மாணவன்தான் முதலில் சொன்னான். உச்சியில் மெல்லியதாகத் தனியே போகும் கம்பி எதற்கு என்று இன்னொருத்தி கேட்டாள். இடியைத் தன் மேல் வாங்கித் தரைக்கு அனுப்புவதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி மழை வந்துவிட்டது.